யாருடைய உளுந்து

போலந்து நாட்டிலிருந்து கோவில்பட்டிக்கு வேலைக்கு வந்த மரேக் என்பவர், வந்த சில வாரங்களிலேயே தன்னைக் கொல்ல யாரோ திட்டம் போடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கோவில்பட்டியை முதன்முதலாகப் பார்க்கிற எவருக்கும் இங்கே ரகசியமாக ஏதோ நடக்கிறது என்றுதான் தோன்றும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ளப் பல வருடம் ஆகும்.

நாகலாபுரம் பக்கத்தில் நிற்கிற காற்றாலைகளின் உள்ளே சுழல்கிற பற்சக்கரங்களைச் சரிபார்ப்பது மரேக்கின் வேலை. அனுப்புவதற்கு முன்னால் கம்பெனி அவருக்கு ஒரு பாதுகாப்புப் பயிற்சி கொடுத்திருந்தது. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கண்ணாடி அறையில் நின்றுகொண்டு பாடம் நடத்தினார். சாலையில் பரப்பிவைத்த பொருட்களைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். சாலையின் இருபுறமும் நின்று உங்கள் வண்டியையே பார்க்கிற ஆட்களைக் கவனியுங்கள். காரணம் இல்லாமல் டிரைவர் வேகத்தைக் குறைத்தால் தயாராகிவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் வண்டியை விட்டு இறங்காதீர்கள். அந்தப் பயிற்சி வேறு ஏதோ ஒரு நாட்டுக்காகத் தயாரித்தது. காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க வேண்டாம் என்று கோவில்பட்டிக்குப் போகிறவருக்கும் கம்பெனி அதையே நடத்திவிட்டது.

காலையில் வண்டியில் ஏறியதிலிருந்தே மரேக் கவனிக்கத் தொடங்கிவிடுவார். கட்டி முடியாத ஒரு வீட்டின் மாடியில் வைக்கோல் பொம்மை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். திருஷ்டிக்குத்தான். ஆனால் அதற்கு மாட்டியிருந்தது காற்றாலைக் கம்பெனியின் பழைய ஆரஞ்சு சட்டை. தலையில் கம்பெனி ஹெல்மெட். தன் கம்பெனி உடுப்பில் ஒருவர் தூக்கில் தொங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதரின் மனநிலையை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். பேருந்து நிலையத்தருகே பெரிய பெரிய பதாகைகளில் கூலிங் கிளாஸ் போட்ட ஆட்கள் விரலை நீட்டி அவரையே சுட்டிக்காட்டினார்கள். வாரத்துக்கு வாரம் ஆள் மாறினாலும் விரல் மாறவில்லை. வெயில் கொளுத்துகிற எட்டையபுரம் சாலையில் பைக்கில் போகிறவர்கள் முகத்தைத் துண்டால் கட்டிக் கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள்.

இதெல்லாம் அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாமல் போனது தை மாதக் கடைசியில்.

எட்டையபுரம் தாண்டியதும் டிரைவர் மாடக்கண்ணு பெரிய சாலையை விட்டுக் கிழக்கே ஒரு ஊர்ச் சாலையில் வண்டியைத் திருப்பினான். அங்கே தார் ரோட்டின் மேல் கருகிப்போன செடிகளை முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தார்கள். மாடக்கண்ணு வேகத்தைக் குறைத்தான். குறைத்ததோடு விடாமல், ஒதுங்கிப் போக இடம் இருந்தும் செடியின் மேலேயே வண்டியை விட்டான். அடியில் மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் பெண்கள் கையில் கம்போடு நின்று, சக்கரங்களைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். வண்டி கடந்ததும் ஓடிவந்து, சக்கரம் பட்ட இடத்தில் குனிந்து எதையோ எடுத்துப் பார்த்து, ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டதை மரேக் கண்ணாடியில் கண்டார்.

"என்ன அது?"

"உளுந்து சார். நோ ப்ராப்ளம்."

உளுந்து என்றால் ஆங்கிலத்தில் என்ன என்று மாடக்கண்ணுக்குத் தெரியாது. மரேக் தொலைபேசியில் தேடிப் பார்த்தார். நடுவில் ஓட்டை போட்ட வடையின் படம் வந்தது. சாலையில் கிடப்பது வடை இல்லை என்ற ஒன்று மட்டும் அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. மறுநாளும் வண்டி அதே சாலையில் திரும்பியது. அதற்கு அடுத்த நாளும்.

மரேக் நேராக ராமசுப்புவிடம் போனார்.

ராமசுப்பு அந்தக் கம்பெனியின் துணைப் பொது மேலாளர், நிர்வாகம், பாதுகாப்பு மற்றும் மக்கள் தொடர்பு. இத்தனையும் ஏறியதால் அவருடைய விசிட்டிங் கார்டில் முன்பக்கம் இடமில்லாமல் போன் நம்பர் பின்பக்கம் போயிருந்தது. வெளிநாட்டுக்காரர்களிடம் தான் ஒரு பாரம்பரிய வணிகக் குடும்பத்தின் வாரிசு என்று சொல்லிக்கொள்வார். பொய்யில்லை. அவருடைய அப்பா கோவில்பட்டியில் பருப்பு மண்டி வைத்திருந்தார். ராமசுப்பு தவழ்ந்ததும் நடை பழகியதும் உளுந்து மூட்டைகளுக்கு நடுவில்தான்.

ஆகவே மரேக் சொல்ல ஆரம்பித்ததுமே விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. மாசி மாதம் வரப்போகிறது, உளுந்து பிடுங்கியாயிற்று, களத்துக்குப் பதிலாக ரோட்டில் போட்டு வண்டிச் சக்கரத்தில் நெற்று உடைக்கிறார்கள், வருடா வருடம் நடப்பதுதான். சிரிப்பதற்காக வாயைத் திறந்தார். திறந்த நேரத்தில் மச்சினன் ஹரியின் நினைவு வந்தது. ஹரி டிராவல்ஸ் வைத்திருக்கிறான். வேலையில்லாமல் அவனுடைய இன்னோவா வேப்பமரத்தடியில் நின்று பறவை எச்சம் வாங்கிக்கொண்டிருந்தது. ராமசுப்பு வாயை மூடிக்கொண்டார்.

"மிகவும் தீவிரமான விஷயம்," என்றார் ஆங்கிலத்தில். "இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா?"

"இல்லை."

"சொல்லாதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

அன்று சாயங்காலம் அவர் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"வண்டிச் சாவிய வச்சிட்டுப் போலே. விசாரணை முடியுத வரைக்கும் வீட்ல இரு. யார்ட்டயும் எதுவும் பேசப்படாது."

"அண்ணாச்சி, அது உளுந்து. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு நீ சொல்லாத. வெள்ளக்காரரு உயிருக்கு ஆபத்துன்னு சொல்லுதாரு."

"யார விசாரிப்பீங்க அண்ணாச்சி? உளுந்தையா கூப்பிட்டுக் கேப்பீங்க?"

"இந்த வாய்தாம்லே உனக்கு எமன். போ."

மாடக்கண்ணு பல வருடம் திருப்பூரில் வண்டி ஓட்டியவன். மகள் பிரித்திகா அப்பாவை வீடியோ காலில் மட்டுமே பார்த்து வளர்வது பிடிக்காமல், உள்ளூரில் ஒரு வேலை வேண்டும் என்று தேடி இதைப் பிடித்திருந்தான். இது போனால் மறுபடியும் திருப்பூர்தான். அதைச் சொல்லிக் கெஞ்சலாமா என்று ஒரு கணம் நின்றான். ராமசுப்பு போனை எடுத்து ஹரியிடம் பேச ஆரம்பித்துவிட்டதால் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியேறினான்.

மறுநாளிலிருந்து மரேக்குக்குப் பாதுகாப்பு அணிவகுப்பு. முன்னால் ஹரியின் இன்னோவா, கூரையில் சுழலும் சிவப்பு விளக்கோடு, அவனுடைய ஆள் ஒருவன் ஓட்ட ஓடியது. பின்னால் கம்பெனி வண்டியில் மரேக், ஓட்டுவது ஹரி. வழியை மாற்ற யாருக்கும் தோன்றாததால் மாடக்கண்ணு போன அதே சாலையிலேயே போனார்கள். ராமசுப்பு வாசலில் நின்று விறைப்பாக வழியனுப்பினார்.

அந்த ஊர்ச் சாலையில் உளுந்து போட்டிருந்தவள் ஆவுடைத்தாய். தூரத்தில் விளக்கைப் பார்த்ததும் ஆம்புலன்ஸ் என்று நினைத்தாள். பக்கத்தில் வந்ததும் முகம் மலர்ந்தது.

"ஏட்டி, இங்க பாருங்கட்டி! நேத்து வரைக்கும் ஒத்த வண்டி. இன்னைக்கு ரெண்டு! ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டான்."

அடுத்த நாள் செடிப் பரப்பு இரண்டு மடங்கு நீளமாகியிருந்தது. ஒரு வண்டி உடைக்காமல் விட்ட நெற்றை இன்னொன்று உடைக்கிறது என்று பக்கத்துப் புஞ்சைக்காரர்களும் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். அணிவகுப்பு நெருங்கியதும் பெண்கள் கையசைத்து ஆரவாரம் செய்தார்கள். மரேக் வண்டிக்குள் இன்னும் குனிந்து உட்கார்ந்தார். பாதுகாப்பைக் கூட்டினால் பயப்படுகிற எதிரியைப் பற்றிப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சந்தோஷப்படுகிற எதிரியைப் பற்றிச் சொல்லவில்லை.

"வழியை மாற்ற வேண்டும்," என்றார் ராமசுப்புவிடம்.

ராமசுப்பு கதவைச் சாத்தினார். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன் குச்சியோடு நின்று, நாளை முதல் வடக்கே சுற்றிப் புதூர் வழியாகப் போகலாம் என்றார். "இது நமக்கும் ஹரிக்கும் மட்டும்தான் தெரியும். நான்காவது ஆளுக்குத் தெரியக்கூடாது. முன்னால் போகிற டிரைவருக்குக்கூடத் திருப்பத்தில்தான் சொல்வோம்."

மறுநாள் புதூர்ச் சாலையில் வண்டி திரும்பியது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உளுந்து. உளுந்து முடிந்த இடத்தில் பாசிப்பயறு. அதற்கப்பால் குதிரைவாலி. கரிசல் காட்டில் மாசி பிறக்கிற சமயத்தில் எந்த ரோட்டில் போனாலும் இதுதான் கிடக்கும். மரேக்குக்கு அது எப்படித் தெரியும்? வழி தெரிந்தவர்கள் மூன்றே பேர் என்பதுதான் அவருக்குத் தெரியும். முதலில் தன்னைச் சந்தேகித்தார். தூக்கத்தில் ஏதாவது உளறியிருப்பேனோ என்று யோசித்தார். பிறகு ஹரியைப் பார்த்தார். ஹரி போனில் "சரி அத்தான், சரி அத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். காற்றாலையில் இறங்கியதும் ஒரு டெக்னீஷியனிடம் அத்தான் என்றால் யார் என்று கேட்டார்.

"அக்கா வீட்டுக்காரர் சார். நம்ம ராமசுப்பு சார்தான் அவனுக்கு அத்தான்."

மரேக் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அரைமணி நேரத்தில் ராமசுப்பு சைட்டுக்கு வரவழைக்கப்பட்டார்.

"வழியை யாரிடம் விற்றீர்கள்?"

ராமசுப்புவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் கழுத்து டையைத் தளர்த்தினார். "சார், சார், அது உளுந்து. ஒரு பருப்பு. விவசாயிகள் உடைக்கப் போடுகிறார்கள். இங்கே எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

"உங்களுக்கும்?"

ராமசுப்பு கைக்குட்டையை எடுத்தார்.

"மூன்று நாளைக்கு முன் மிகவும் தீவிரமான விஷயம் என்றீர்கள். இன்று பருப்பு என்கிறீர்கள். நாளை சென்னை தலைமை அலுவலகத்தில் இதை நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால், உங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாத ஒருவரை வரச் சொல்லுங்கள். அவர் சொல்லட்டும்."

அலுவலகத்து ஆட்களில் அப்படி ஒருவரை மனதுக்குள் தேடியபோதுதான் ராமசுப்புவுக்கு ஒரு சங்கடம் தெரிந்தது. அவர் சேர்த்த ஆட்களில் அவருக்குச் சொந்தமில்லாதவன் மாடக்கண்ணு ஒருவன்தான். போனை எடுத்துக்கொண்டு காற்றாலைத் தூணுக்குப் பின்னால் போனார்.

"தம்பி மாடக்கண்ணு, சாப்டியாப்பா?"

மாடக்கண்ணு போனைக் காதிலிருந்து எடுத்து, வந்தது யார் நம்பர் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒடனே சைட்டுக்கு வா. சார்ட்ட அது உளுந்துதாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

"எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? நான் வண்டி ஓட்டுதவன். ஆபத்து விசயம்லாம் பெரியவங்க நீங்க பாக்குதது."

"ஏலே, அது உங்க அத்த உளுந்துலே!"

"விசாரணை முடியுத வரைக்கும் பேசப்படாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"விசாரணை முடிஞ்சிட்டுப்பா."

"யாரு குத்தவாளி?"

ராமசுப்பு கண்ணை மூடித் திறந்தார். "நாளையிலேருந்து வண்டிய நீயே எடு. போதுமா?"

"நாளைக்கா? இன்னைக்கு எடுக்கலாம்னா இப்பவே பஸ் ஏறுதேன்."

மாடக்கண்ணு தைரியமாகப் பேசிவிட்டானே தவிர, பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதையே புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். ராமசுப்பு வாயால் தந்த வேலையை மரேக் ஒரு கேள்வியில் பறித்துவிடலாம். உளுந்து என்று சொல்வது சுலபம். யாருடைய உளுந்து, நீ ஏன் அந்தச் சாலையில் திரும்பினாய் என்று கேட்டால்? ஆவுடைத்தாய் அவனுடைய சொந்த அத்தை. கம்பெனி வண்டியை அவளுக்காகத் திருப்பி, அவள் செடிமேல் மெதுவாக ஓட்டியது அவன்தான். மரேக்கின் சந்தேகம் ஒன்று மட்டும் சரி. டிரைவர் காரணத்தோடுதான் வேகத்தைக் குறைத்தான்.

வந்து மரேக் முன்னால் நின்றான். "உளுந்து சார். ஃபார்மர் சார். வண்டி கோ, பருப்பு கம்."

"யாருடையது?"

மாடக்கண்ணு ராமசுப்புவைப் பார்த்தான். "அத்தன்னு சொல்லிராதலே," என்று ராமசுப்பு தமிழில் முணுமுணுத்தார். "ஊர்க்காரங்களோடது சார்," என்றான்.

தூணுக்குப் பின்னால் போனில் பேசிவிட்டு, கண்ணால் ஜாடை காட்டிவிட்டு, இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் எந்த மனிதனுக்கும் சந்தேகம் வரும். மரேக் எழுந்தார். "வாருங்கள். உரிமையாளரிடமே கேட்போம்."

இரண்டு வண்டிகளும் அந்த ஊர்ச் சாலைக்குப் போயின. சிவப்பு விளக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆவுடைத்தாய் உளுந்துச் செடியைக் கம்பால் புரட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் ஓடிப்போகிற வண்டி இன்று நின்றது. கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் இறங்கினார். வெள்ளைக்காரரும் இறங்கினார். போன வருடம் ரோட்டில் தானியம் போட்டதற்கு இப்படித்தான் விளக்கு வைத்த வண்டியில் அதிகாரிகள் வந்து, கேஸ் போடுவோம் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். ஆவுடைத்தாய் மறக்கவில்லை.

ராமசுப்பு பணிவாக ஆரம்பித்தார். "ஆத்தா, இந்த உளுந்து யாருது?"

"எந்த உளுந்து?"

"நீங்க நிக்குத உளுந்து."

முழங்காலளவு செடிக்குள் நின்றபடி ஆவுடைத்தாய் குனிந்து பார்த்தாள். "இதா? இது பாட்டுக்குக் கெடக்கு. நான் பாட்டுக்கு நிக்குதேன்."

"கையில கம்பு?"

"நாய் வரும்."

மாடக்கண்ணு முன்னால் வந்தான். "அத்த, பயப்படாதீங்க. நாந்தான்."

"நீ யாருப்பா? இந்த ஊர்ப்பக்கம் ஒன்னப் பாத்ததே இல்லையே."

தூக்கி வளர்த்த அத்தை. மாடக்கண்ணு ஒரு அடி பின்னால் வந்தான். ரோட்டின் வலப்பக்கம் தன் உளுந்தைப் போட்டுவிட்டு அதற்குச் சம்பந்தமே இல்லாதவர்போல ஒதுங்கி நின்றிருந்த சோலைராஜை ராமசுப்பு கூப்பிட்டார். சோலைராஜ் ஆவுடைத்தாயின் கொழுந்தன்.

"நீங்க சொல்லுங்க. யாரு போட்டது இது?"

"தெரியலையே அண்ணாச்சி. ராத்திரி காத்துல பறந்து வந்திருக்கும்."

"ரோடு நீளத்துக்கா?"

"காத்தாடி போட்ட பொறவு காத்து அப்படித்தான அடிக்கி."

மரேக்குக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஊர் முழுக்க இல்லை இல்லை என்று கையை விரித்தது போதுமானதாக இருந்தது. "உரிமையாளர் யாரும் இல்லை," என்றார். "ஒரு மூட்டை அள்ளுங்கள். சென்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்."

ராமசுப்புவுக்கு உத்தரவு என்றால் உடனே மேலே வாங்கிக் கீழே கொடுத்துவிட வேண்டும். "ஹரி, அள்ளுலே!" என்றார். ஹரி டிக்கியிலிருந்து சாக்கை எடுத்து, குனிந்து இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டான்.

"ஏலே! எவம்லே அது என் உளுந்துல கை வைக்குதது?"

கம்பு காற்றில் எழும்பியது. ஹரி சாக்கை விட்டுவிட்டு இன்னோவாவுக்குப் பின்னால் போய்விட்டான்.

"வெதச்சது நானு, களையெடுத்தது நானு, பேஞ்ச மழையில பாதி அழுகிப்போயி மிச்சம் கெடக்கதே இம்புட்டுதான். வெளக்க வச்சிக்கிட்டு வந்தா அள்ளிட்டுப் போயிருவீங்களா? போடு கேச! எம்பேரு ஆவுடைத்தாய், எழுதிக்கிடு! ஏலே மாடா, பாத்துக்கிட்டு நிக்குத! நீயெல்லாம் ஒரு மருமவனா? அந்தச் சாக்கப் புடுங்குலே!"

அதோடு நிற்காமல் ராமசுப்புவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ பருப்பு மண்டிக்காரரு மவன்தான? ஒங்க அப்பாட்ட வருசா வருசம் உளுந்து போட்டவ நானு. மூட்டை மேல ஏறி ஒண்ணுக்குப் போனவன் நீ. ஒனக்கு இது உளுந்துன்னு தெரியாதா?"

கூட்டம் சிரித்தது. "என்ன சொல்கிறாள்?" என்று மரேக் மாடக்கண்ணுவைக் கேட்டார்.

மாடக்கண்ணு கணக்குப் போட்டான். முழுதாகச் சொன்னால் வேலை போகும். பாதி சொன்னால் அத்தையின் உளுந்து சென்னைக்குப் போகும். "மை அத்தை சார்," என்றான். "ஹெர் உளுந்து. டெய்லி ஐ டேக் திஸ் ரோடு. ஸ்லோ ஐ கோ. ஃபார் ஹெர். சாரி சார்." பிறகு, வேலை எப்படியும் போகப்போகிறது என்று ஆனபின், ராமசுப்பு, மண்டி, மூட்டை ஆகியவற்றையும் கையால் நடித்துக் காட்டி மொழிபெயர்த்தான். அந்தப் பகுதியில் அவன் ஆங்கிலம் தடுமாறவே இல்லை.

மரேக் கம்போடு மூச்சு வாங்கி நிற்கிற ஆவுடைத்தாயைப் பார்த்தார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் கேட்ட ஒரு கேள்விக்கு இவ்வளவு முழுமையாக யாரும் பதில் சொன்னதில்லை. குனிந்து ஒரு நெற்றை எடுத்தார். விரலால் அழுத்தியதும் வெடித்துக் கறுப்பு மணிகள் உள்ளங்கையில் உருண்டன.

"மெதுவாகப் போனது எனக்குத் தெரியும்," என்றார் மாடக்கண்ணுவிடம். "காரணத்தை நீ ஒருவன்தான் சொல்லியிருக்கிறாய்." ஹரியிடம் கையை நீட்டினார். ஹரி அத்தானைப் பார்த்தான். அத்தான் கரிசல் காட்டைப் பார்த்தார். சாவி கைமாறியது.

ராமசுப்பு கம்பெனி வண்டியின் கதவில் கை வைத்தார். மரேக் இன்னோவாவைக் காட்டினார். துணைப் பொது மேலாளர், நிர்வாகம், பாதுகாப்பு மற்றும் மக்கள் தொடர்பு, மச்சினன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நிப்பாட்டுன வண்டி சும்மா போவக்கூடாது," என்றாள் ஆவுடைத்தாய். "திருப்பிக் கொண்டாந்து ஒரு தடவ ஓட்டிட்டுப் போலே. மெதுவா."

மாடக்கண்ணு வண்டியைத் திருப்பினான். செடி மொறுமொறுத்தது. மரேக் ஜன்னலை இறக்கி, முதல் தடவையாகத் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். சிறிது தூரம் போனதும் அவருடைய நெற்றி சுருங்கியது. சக்கரங்கள் இடப்பக்கத்துச் செடிமேல் மட்டுமே ஏறின. வலப்பக்கம் கிடந்தது அப்படியே கிடந்தது.

"வலது பக்கம் ஏன் போகவில்லை?"

"தட் சோலைராஜ் உளுந்து சார். அத்தைக்கும் அவருக்கும் வரப்புத் தகராறு. நோ டாக்கிங்."

போலந்தில் மரேக்கின் பெரியப்பாவும் அப்பாவும் ஒரு ஆப்பிள் தோட்டத்தின் வேலிக்காகப் பேசாமலே செத்துப்போனவர்கள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மாடக்கண்ணுதான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தான். பின்னால் சோலைராஜ் ரோட்டுக்கு நடுவில் வந்து இன்னோவாவுக்கு வலப்பக்கம் வலப்பக்கம் என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். இன்னோவா கொஞ்சம் தயங்கியது. பிறகு மெல்ல ஒடித்துத் திரும்பி அவருடைய உளுந்தின் மேல் ஏறியது. சோலைராஜ் ஓரமாக நின்று ராமசுப்புவுக்கு வணக்கம் வைத்தார். ராமசுப்பு உள்ளிருந்து கையசைத்தார்.

மாடக்கண்ணுவின் முகம் கறுத்துவிட்டது.

"சார்," என்றான், குரலைத் தாழ்த்தி. "பின்னால பாருங்க. சம்திங் இஸ் கோயிங் ஆன்."